காதில் சுற்றிய கேபிள்

ஆண்களைப் பிடித்து ஆட்டும் பைத்தியங்களில் கிரிக்கெட்டுக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் மருந்து உண்டு. ஒரு சீரிஸ் தோற்றால் முன்னது தெளியும். ஒரு கம்பெனி கவிழ்ந்தால் பின்னது தெளியும். மருந்தே இல்லாத ஒன்று இருக்கிறது. அது பிடித்தவருக்கு ஆடியோஃபைல் என்று பெயர்.

ஏதோ ஆபீஸ் ஃபைல் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் நானும் பாட்டுக் கேட்போம். ஆடியோஃபைல், பாட்டுப் பாடுகிற பெட்டியைக் கேட்பார். "தபேலாவுக்கு ரெண்டடி பின்னால வயலின் நிக்குது, தெரியுதா சார்?" என்பார் கண்ணை மூடிக்கொண்டு. நமக்குத் தபேலாவே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

இவர்கள் முதலில் ஸ்பீக்கர் வாங்குவார்கள். பிறகு ஆம்ப்ளிஃபயர். பிறகு அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். வீட்டில் இடமும் பாங்க்கில் பணமும் தீருகிற சமயத்தில், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஒயர் கண்ணில் படும். அங்கேதான் சனி பிடிக்கும்.

எங்கள் செக்‌ஷனில் அப்படி ஒருவர். வயது 31. பெயர் வேண்டாம், ஆபீசுக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. 'நம்மாள்' என்று வைத்துக்கொள்வோம். நங்கநல்லூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அப்பா, அம்மாவோடு இருக்கிறார். நாலு வருஷமாகத் தவணை கட்டி ஒரு 40 வாட் ஆம்ப்ளிஃபயரும், ஷெல்ஃபில் வைக்கிற சைஸில் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் சேர்த்திருக்கிறார்.

போனஸ் வந்த மறுநாள், டீ சாப்பிடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீங்க அந்தக் காலத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணவர்தானே?"

"ஆமா. எஸ்.டி.கே. ஐ.சி. போட்டு, வீட்டு ஃப்யூஸையும் சேர்த்துப் போட்டவன். என்ன விஷயம்?"

"கேபிள் மாத்தலாம்னு இருக்கேன்."

"டிஷ்ஷுக்குப் போயேன். சேனல் நிறைய வருமாம்."

முறைத்தார். டி.வி. கேபிள் இல்லையாம், ஸ்பீக்கர் கேபிள். 3 மீட்டர் ஜோடி 68,000 ரூபாய். உள்ளே வெள்ளி. வெளியே பாம்புச் சட்டை மாதிரி பின்னல். கடைக்காரர் டெபாசிட் வாங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுக்கிறாராம்.

"ஆனா சார், 100 மணி நேரம் ஓடினாத்தான் கேபிள் திறக்குமாம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாளைக்கு 72 மணி நேரம். 72 மணிக்கும் 100 மணிக்கும் நடுவில்தான் அந்த வியாபாரத்தின் முழு சூட்சுமமும் இருக்கிறது.

"நீங்க வந்து ஒரு தடவை கேட்டுட்டு ஒபினியன் சொல்லணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. நடுவில் இருந்த நாலு நாளில் கொஞ்சம் வீட்டுப் பாடம் செய்தேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீசிலும் ஒரு நம்மாள் இருப்பார். நீங்களாகவே கூட இருக்கலாம்.

* * *

1970களின் நடுப்பகுதி வரை இந்தப் பிரச்னையே உலகத்தில் இல்லை. அமெரிக்காவில் டேபிள் லாம்ப்புக்குப் போடும் இரட்டை ஒயரை வெட்டி ஸ்பீக்கருக்கு மாட்டினார்கள். பாடியது. தூங்கினார்கள்.

அப்புறம் நோயல் லீ என்று ஒரு எஞ்சினீயர் வந்தார். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். வேறு வேறு ஒயர்களை மாட்டி மாட்டிக் கேட்டுப் பார்த்து, தடிமனான ஒரு கேபிள் தயார் பண்ணி 1979-ல் மான்ஸ்டர் கேபிள் என்று கம்பெனி ஆரம்பித்தார். அதுவரை கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த ஒயருக்கு விலை வந்தது. விலை வந்ததும் மரியாதை வந்தது. மரியாதை வந்ததும் இன்னும் விலை வந்தது.

மாக்கின்டோஷ் என்ற பழைய ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் தலைவர் கார்டன் காவ் இதைப் பார்த்து சும்மா இருக்கவில்லை. மறைவாக ஸ்விட்ச் வைத்து, தடி கேபிளையும் சாதா ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டு ஜனங்களைக் கேட்க வைத்தார். வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய கம்பெனி ஸ்பீக்கர்களையே வடிவமைத்த ரோஜர் ரஸல் பின்னாளில் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

1983-ல் ஸ்டீரியோ ரெவ்யூ பத்திரிகையும் இதைப் பரீட்சை செய்து பார்த்தது. நூல் மாதிரி மெல்லிய 24 கேஜ் ஒயரைக் காதுகள் பிடித்துவிட்டன. ஆனால் பாட்டைப் போட்டபோது, சாதாரண 16 கேஜ் லாம்ப் ஒயரையும் தடியான மான்ஸ்டரையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் வியாபாரத்தைத் துளியும் பாதிக்கவில்லை. 2007-ல் பியர் என்ற கம்பெனியின் ஆன்ஷூ கேபிள் 12 அடி ஜோடி 7,250 டாலர். ஜேம்ஸ் ராண்டி தெரியுமல்லவா? பேய், பிசாசு, ஸ்பூன் வளைக்கிறவர்கள் எல்லோரையும் சவாலுக்கு இழுத்த மாஜிக் நிபுணர். 'இந்தக் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணால் பார்க்காமல் காதால் பிரித்துச் சொல்லுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன்' என்றார். ஒரு பிரபல ஆடியோ விமர்சகர் 'நான் ரெடி' என்று கிளம்பினார். எந்தக் கேபிள், யார் தருவது, எப்படி நடத்துவது என்று இழுபறி. கடைசியில் கல்யாணமே நடக்கவில்லை.

2008-ல் டெனான் கம்பெனி, கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயர் மாதிரியே ஒரு ஒன்றரை மீட்டர் ஒயரை 499 டாலருக்கு விற்றது. அதில் சிக்னல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அம்புக்குறி வேறு! சிக்னலுக்கு வழி தெரியாமல் திரும்பி வந்துவிடப் போகிறது என்று பயம் போலிருக்கிறது.

* * *

சரி, ஒரு ஒயர் செய்ய வேண்டிய வேலைதான் என்ன? ஆம்ப்ளிஃபயர் கொடுப்பதை ஸ்பீக்கரிடம் சேர்க்க வேண்டும். கொரியர் பையன் வேலை. நடுவில் பார்சலைப் பிரித்துத் தின்னாமல் இருந்தால் போதும்.

எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஓம் என்று ஓர் அளவு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், வீட்டில் ட்யூப் லைட்டுக்கெல்லாம் போடுவோமே அந்த சைஸ், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 13 ஓம். நம்மாள் வீட்டில் ஸ்பீக்கர் 3 மீட்டர் தூரத்தில். போக 3, வர 3, ஆக 6 மீட்டர். மொத்தம் 0.08 ஓம்.

ஸ்பீக்கருக்குள் காகிதக் கூம்பை ஆட்டுவதற்கு ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. மெல்லிய கம்பியை மீட்டர் கணக்கில் சுற்றியது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் அந்தச் சுருள் மட்டும் சுமார் 6 ஓம். கேபிளைவிட 75 மடங்கு! இன்னும் கேளுங்கள். செம்பு சூடானால் டிகிரிக்கு 0.4 சதவிகிதம் போல ஓம் ஏறும். ஒரு குத்துப் பாட்டுப் போட்டுச் சுருள் 10 டிகிரி சூடானாலே 0.23 ஓம் கூடிவிடும். அதாவது பாட்டு செய்கிற மாற்றம், கேபிளின் மொத்த எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு. 68,000 ரூபாய் ராஜபாட்டையில் வந்த சிக்னல், கடைசியில் நுழைகிற சந்து அதுதான்.

"வெள்ளி சார், வெள்ளி!" என்றார் நம்மாள். வெள்ளி, செம்பைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது வாஸ்தவம். எவ்வளவு? சுமார் 6 சதவிகிதம். செம்பு ஒயரை ஒரு பிடி தடிமனாக வாங்கினால் அந்த ஆறும் வந்துவிடும். கழுத்தில் போட்டுக்கொண்டால் வெள்ளிக்கு அழகு. சோபாவுக்குப் பின்னால் போட்டால் யாருக்கு அழகு?

'ஆக்ஸிஜன் இல்லாத செம்பு' என்று அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். அதற்கும் சாதாரண மின்சாரச் செம்புக்கும் கடத்துவதில் வித்தியாசம் சுமார் 1 சதவிகிதம். ஸ்பீக்கர் மூச்சு விடுவதில்லை. அதன் ஒயரில் ஆக்ஸிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஸ்கின் எஃபெக்ட் என்று இன்னொரு மிரட்டல். உச்ச ஸ்தாயி ஒலிகள் கம்பியின் தோல் வழியாகத்தான் போகுமாம். உண்மைதான். ஆனால் 20,000 ஹெர்ட்ஸில்கூட அந்தத் தோலின் ஆழம் செம்பில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பீக்கர் ஒயரில் இருப்பது அதைவிட மெல்லிய இழைகளின் கட்டு. இது மெகாவாட் கணக்கில் மின்சாரம் கொண்டுபோகிறவர்களின் கவலை, நங்கநல்லூர்க்காரர் கவலை இல்லை.

அம்புக்குறி? பாட்டு என்பது போய்ப் போய் வருகிற மின்சாரம். தம்புராவின் ஒரு சுருதி விநாடிக்கு 200 தடவை முன்னும் பின்னும் போகிறது. அம்பு ஒரு பக்கம் மட்டும் காட்டினால் பாதிப் பாட்டு நோ என்ட்ரியில் போக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: ப்ளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கிற சிலவகை ஒயரில், மேலே சுற்றிய வலையை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். எந்த முனை என்று காட்ட அம்பு போட்டால் அதில் அர்த்தம் உண்டு.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் நாளே வாங்கி வைத்த ஒயரோடு போனேன். 1.5 சதுர மில்லிமீட்டர், 8 மீட்டர், மீட்டர் 110 ரூபாய். மொத்தம் 880.

நம்மாள் அதைப் பார்த்த பார்வை, பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காட்டினால் பார்க்கிற பார்வை.

முதலில் கண்ணுக்கு எதிரே மாட்டிக் கேட்டோம். சாதா ஒயருக்கு அவர் குறித்தது: 'தட்டையாக இருக்கிறது. குரலில் சளி.' வெள்ளிக்குக் குறித்தது: 'திரை விலகியது. பாடகர் எழுந்து முன்னால் வந்துவிட்டார்.'

"இப்ப ஒரு விளையாட்டு" என்றேன். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டினோம். நான் பெட்ஷீட்டுக்குப் பின்னால். காசு சுண்டுவேன். பூ விழுந்தால் வெள்ளி, தலை விழுந்தால் செம்பு. மாட்டியதும் பாட்டின் அதே 30 விநாடியைப் போடுவேன். எது என்று அவர் பேப்பரில் எழுத வேண்டும். மொத்தம் 16 தடவை.

அதற்கு முன் இன்னொரு வேலை. இரண்டு சத்தத்தில் ஒன்று கொஞ்சம் உரக்க இருந்தாலே காது அதை 'உசத்தி' என்று சொல்லிவிடும். ஷோரூம்காரர்களுக்கு இது தெரியும். அதனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். வெள்ளியில் 2.00 வோல்ட். செம்பில் 1.99. டெசிபெல் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வால்யூம் குமிழை யாரும் தொடக்கூடாது என்று டேப் ஒட்டிவிட்டோம்.

ஏன் 16 தடவை என்று கேட்பீர்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 8 சரியாக இருக்கும். அதிர்ஷ்டத்தில் 9, 10 கூட வரலாம். 12-க்கு மேல் வாங்கினால்தான் 'சரி, காதுக்கு ஏதோ தெரிகிறது' என்று ஒத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் 12 வர நூற்றில் நாலு வாய்ப்புத்தான்.

ஆரம்பித்தோம். முதல் ஐந்தும் டக் டக்கென்று எழுதினார். எட்டாவதில் வேர்த்தது. பத்தாவதில் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார். பன்னிரண்டாவதில் பாட்டையே வெறுத்துவிட்டார்.

பதினொன்றாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில்தான் அவருடைய அப்பா உள்ளே வந்தார். ரிட்டயர்டு ஹெட் கிளார்க். வெள்ளை வேட்டி, கையில் பேப்பர். பெட்ஷீட்டையும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த என் தலையையும் பார்த்தார்.

"என்னப்பா, பாட்டுப் போடப் போறதா சொன்னே? இன்னும் ஆரம்பிக்கலியா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நம்மாள் திரும்பாமலே, "ஓடிட்டுத்தான் இருக்குப்பா!" என்று கத்தினார். பழகிப்போன கத்தல். கோபம் இல்லை. பல் தேய்ப்பது மாதிரி தினசரிக் காரியம்.

"ஓ..." என்றார் பெரியவர். ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய் டி.வி. போட்டார். அந்தச் சத்தத்தில் எங்கள் பரீட்சை பத்து நிமிஷம் நின்றது.

பிறகு மீதியை முடித்து விடைத்தாளைத் திருத்தினேன். 16-க்கு 7.

நம்மாள் என் பேப்பரை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு சீட்டிலேயே சாய்ந்துகொண்டார்.

"நாலாவது தடவைல திரை விலகின மாதிரி இருந்துதே சார்?"

"நாலாவது என் 880 ரூபாய்."

"காது பழகணுமோ?"

"பழகலாம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பொய் சொல்லலை. முதல்ல கேட்டப்போ நிஜமாவே உனக்குப் பாடகர் எழுந்து வந்தார். கேக்கறது காது மட்டும் இல்லப்பா, மூளையும்தான். அதுக்கு 68,000-னு விலை தெரிஞ்சுபோச்சு. அது தன் பங்குக்கு ஒரு திரையை விலக்கிக் காமிச்சுது. டிகிரி காபியை டவரா டம்ளர்ல குடிச்சா ருசி, பேப்பர் கப்ல குடிச்சா இல்லைன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி."

போனில் ஒரு டெஸ்ட் டோனைப் போட்டு இருவர் காதையும் சோதித்துப் பார்த்தோம். நம்மாளுக்கு 16,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. எனக்கு 12,000-க்கு மேல் நிசப்தம், பரம சாந்தி. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது இயற்கை. ஆடியோவில் உள்ள பெரிய சோகமே இதுதான். நல்ல சிஸ்டம் வாங்கப் பணம் வருகிற வயசில், அதைக் கேட்கிற காது போய்விடுகிறது.

* * *

சாப்பாட்டு மேஜையில் அவருடைய அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். கண்ணாடி ரூமில் உட்கார வைத்து ஒவ்வொரு ஒலியாகப் போட்டு கிராஃப் எடுத்திருக்கிறார்கள். கோடு இடது பக்கம் ஓரளவு ஒழுங்காக ஆரம்பித்து, வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டு மாதிரி இறங்கிவிட்டது. வயதானவர்களுக்கு உச்ச ஸ்தாயிதான் முதலில் போகும். க, ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. 'கடை' என்றால் 'படையா?' என்பார்கள். நாம் கத்துவோம். கத்தினால் உயிரெழுத்துதான் உரக்கக் கேட்கும். மெய் அப்படியேதான் இருக்கும்.

"ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கச் சொன்னார். இவர்தான் வேண்டாம்னுட்டார்."

"எவ்வளவு ஆகுமாம்மா?" என்றேன்.

"அம்பத்தாறாயிரம்."

பெரியவருக்கு நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "அதெல்லாம் எதுக்கு தம்பி? எழுபது வயசாகுது. யார்கிட்ட பேசப் போறேன்? ரசம் போட்டுக்குங்க" என்றார்.

நம்மாள் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட வீட்டில் உபதேசம் செய்வது நல்ல பழக்கம் இல்லை. அதோடு, கண்ணெதிரே இரண்டு நம்பர் இருக்கும்போது மூன்றாவது ஆள் எதற்கு? ஆபீஸில் தினமும் கழித்தல் கணக்குப் போடுகிறவர் அவர்.

* * *

கிளம்பும் முன் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப கேபிள்ல ஒண்ணுமே இல்லையா சார்?"

இருக்கிறது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தடிமன். கேபிளின் ஓம், ஸ்பீக்கர் ஓமில் 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 15 மீட்டர் தூரம் வரை தாங்கும். 4 ஓம் என்றால் 7 மீட்டர். அதற்கு மேல் 2.5-க்குப் போங்கள். மலிவு செட்டோடு இலவசமாக வருகிற நூல் ஒயரை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு, செம்புதானா என்று பாருங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். அலுமினியம் செம்பைப் போல 60 சதவிகிதம்தான் கடத்தும். ப்ளேடால் ஓர் இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், 'வெள்ளி' என்று சந்தோஷப்படாமல் கடையைவிட்டு வெளியே வாருங்கள்.

மூன்று, முனை. லூசாக முறுக்கிய, பச்சை பூத்த முனை எந்தக் கேபிளையும் கெடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிப் புதுசாகச் சீவி இறுக்கி மாட்டுங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போனால் கீழ் ஸ்தாயி காணாமல் போகும்.

நான்கு, ப்ளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயருக்கு நல்ல ஷீல்டு வேண்டும். 'ம்ம்ம்...' என்று ஓர் உறுமல் கேட்டால் அது நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். எர்த் விவகாரமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், பல நேரம் அடங்கும். எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். உறுமலோடு நீங்களும் அடங்கிவிடுவீர்கள். இசைத்தட்டு ஓட்டுகிறவர்கள் ஊசியிலிருந்து வரும் ஒயரை நீளமாக இழுக்காமல் இருப்பது நல்லது. அங்கே மட்டும் ஒயரின் கபாஸிட்டன்ஸ் நிஜமாகவே காதுக்குத் தெரியும்.

ஐந்து, ரூம். இதுதான் மிகப் பெரிய கேபிள்! பத்துக்குப் பன்னிரண்டு அறை, டைல்ஸ் தரை, வெறும் சுவர், மூலையில் பீரோவை ஒட்டி ஸ்பீக்கர். இப்படி வைத்தால் லண்டனிலிருந்து கேபிள் வந்தாலும் பாட்டு குளியலறையில்தான் நடக்கும். பன்னிரண்டடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸில் அறையே கூடச் சேர்ந்து பாடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வைத்து, தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புஸ்தக ஷெல்ஃப் வையுங்கள். பைண்டு பண்ணிய பழைய தொடர்கதைகள் இதற்கு அருமை. யாரும் படிப்பதில்லை என்று வருத்தப்பட வேண்டாம், சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.

அன்றைக்கே ஸ்பீக்கரை நகர்த்தி, ஹாலிலிருந்த ஜமக்காளத்தை உள்ளே போட்டோம். முதல் சரணம் முடிவதற்குள் நம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இதற்குப் பெட்ஷீட் பரீட்சை தேவைப்படவில்லை. சமையலறையிலிருந்து அம்மாவே எட்டிப் பார்த்து, "புதுசா வாங்கிட்டியாடா?" என்றார்.

* * *

செவ்வாய்க்கிழமை கேபிள் கடைக்குத் திரும்பிப் போயிற்று. "இன்னும் 28 மணி நேரம் ஓட விட்டிருக்கணும் சார், அதுக்குள்ள திறந்திருக்கும்" என்றாராம் கடைக்காரர் துக்கத்தோடு. ஆனாலும் நியாயஸ்தர், டெபாசிட்டை முழுசாகக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நம்மாள் லீவு. திங்கட்கிழமை வந்தவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"அப்பாவுக்கு மெஷின் வச்சாச்சு சார். கிளினிக்ல முதல் வார்த்தை என்ன சொன்னார் தெரியுமா? 'ஏன் எல்லாரும் இப்படிக் கத்தறீங்க?'ன்னார்."

புதிதாகக் கருவி வைத்தவர்களுக்கு முதல் சில வாரம் எல்லாமே கரகரவென்று கேட்குமாம். பேப்பர் மடிக்கிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், தன் குரலே வேறு யாருடையதோ மாதிரி. மூளை மறுபடி பழக வேண்டும். நிஜமாகவே 'நூறு மணி நேரம் ஓடணும்' என்று சொல்ல வேண்டிய பொருள் இதுதான். கேபிளுக்கு அந்த வசனத்தை யாரோ இங்கிருந்துதான் திருடியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி பெரியவர் மகனின் அறைக்குப் போய் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறார். முடிந்ததும் நம்மாள் பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

"டேய், இத்தனை நாளா இவ்வளவு சத்தமாவா வச்சுக் கேட்டுட்டிருந்தே? என் காதைப் பாத்துமாடா உனக்குப் புத்தி வரலை?"

பெரியவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபெல் ஏற ஏற, நேரம் பாதி பாதியாகக் குறையும். மின்சார ரயிலின் இரைச்சலை ஜெயிக்க இயர்ஃபோனை முழு வால்யூமில் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து பீச் வரை போகிற இளைஞர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும். உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. அந்தக் கேபிளுக்கு மட்டும் மாற்றுக் கேபிள் எந்த ஊரிலும் விற்பதில்லை.

பெரியவர் அதோடு விடவில்லை. அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன் என்னடா இப்படிக் கத்துது? உங்க யாருக்குமே கேக்கலியா?" என்றிருக்கிறார். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கேட்காமலே போய்விட்ட சத்தம். மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பேரிங் மாற்றினார்கள்.

ராத்திரி பத்தரை மணிக்கு நம்மாளிடமிருந்து போன்.

"சார், ஃபேன் நின்ன மாதிரி ஓடுது. வால்யூமைப் பாதியாக் குறைச்சுட்டேன். இப்ப வீணைல விரல் நகர்றதுகூடக் கேக்குது சார்!"

"பேரிங்குக்கு எவ்வளவு ஆச்சு?"

"350. கூலியோட."

"அதை வெள்ளில போடலியே?"

"சும்மா இருங்க சார்" என்றார். "அப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்கார். அவருக்கு இப்ப எல்லாம் கேக்கும்."